செல்லன் ஜெயித்த ஆட்டம்

மொரப்பூரில் மதிய ரயில் வண்டி போன பிறகுதான் நிம்மதியாகச் சதுரங்கம் ஆட முடியும். அதற்கு முன்னால் உட்கார்ந்தால், வண்டி வரும்போது பலகை அதிரும். காய்கள் கட்டத்துக்குள்ளேயே கொஞ்சம் இடம் மாறும். யாருடைய சிப்பாய் எங்கே நின்றது என்று பேச்சு வளரும். பேச்சு வளர்வது எனக்குப் பிடிக்காது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். என்னோடு இருப்பதும் ஒன்று, தனியாக இருப்பதும் ஒன்று என்பாள் என் மனைவி.

இன்ஸ்பெக்டர் ஐயா, நீங்கள் முனிரத்தினத்தைப் பற்றிக் கேட்டீர்கள். அங்கேதான் வருகிறேன்.

என் பெயர் குப்புராஜ். புளி மண்டி வைத்திருக்கிறேன். மண்டியின் மாடியைச் சதுரங்கச் சங்கத்துக்கு வாடகை வாங்காமல் விட்டிருந்தேன். ஜவுளிக்கடை தர்மன், ரயில்வே கூட்ஸ் குமாஸ்தா காளியப்பன், இன்னும் சிலர். ஞாயிற்றுக்கிழமை மதியம் கூடுவோம். யாரும் கெட்டவர்கள் இல்லை.

எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. அதை நான்தான் உண்டாக்கினேன். ஒரு முறை தர்மனின் புதுக் குடை காணாமல் போயிற்று. காளியப்பன் எடுத்துவிட்டார் என்று தர்மன் சொல்ல, சட்டையைப் பிடிக்கும் அளவுக்குப் போனது. நான் இருவரையும் பலகை முன்னால் உட்கார வைத்தேன். தோற்றவர் எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்க வேண்டும். ஜெயித்தவர் அதை ஏற்றுக்கொள்ள வேண்டும். அதற்குப் பிறகு அந்த விஷயத்தை ஒருவரும் வாயில் எடுக்கக்கூடாது. தர்மன் தோற்றார், மன்னிப்புக் கேட்டார். குடை என்ன ஆயிற்று என்று இன்றுவரை தெரியாது. ஆனால் அன்று மாலையே இருவரும் ஒரே பெட்டியிலிருந்து வெற்றிலை போட்டார்கள். பிறகு எந்தச் சண்டை வந்தாலும் அப்படியே தீர்த்துக்கொண்டோம். கோர்ட்டை விட அது மேல் என்று எனக்கு ஒரு எண்ணம். நீங்கள் தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

முனிரத்தினம் முப்பத்தாறாம் வருஷத்தில் வந்தார். பெங்களூர்ப் பக்கத்து ஆள். எங்களுக்குத் தெரிந்தது நாட்டு ஆட்டம். சிப்பாய் முதலில் ஒரு கட்டம்தான் போகும். சேலத்தில் இங்கிலீஷ் முறையில் ஆடினார்கள். அங்கே போனால் எங்களைப் பார்த்துச் சிரிப்பார்கள். முனிரத்தினம், "பெரியவங்களுக்குக் கை பழகிப் போச்சுங்க, பையன்களைக் கொடுங்க, மூணு வருசத்துல சேலத்தை ஜெயிச்சுக் காட்டறேன்" என்றார். மண்டிக்குப் பின்னால் ஓர் அறை கொடுத்தேன். சாப்பாடு என் வீட்டிலிருந்து போனது. மெல்லிய குரல். ஒரு பையனையும் அவர் அடித்ததில்லை. பள்ளிக்கூடத்தில் பிரம்படி வாங்கிப் பழகிய பிள்ளைகளுக்கு அதுவே பெரிய ஆச்சரியமாக இருந்தது.

அவரிடம் படித்தவர்களில் செல்லன்தான் கெட்டிக்காரன். என் மண்டிக் களத்தில் புளி தட்டும் காசியம்மாளின் மூத்த மகன். பன்னிரண்டு வயதிருக்கும். தகப்பன் கோலார் தங்கச் சுரங்கத்தில் இருந்தான். சின்னவன் மாதேஸுக்கு எட்டு வயதானபோது, அவனையும் அனுப்பும்படி முனிரத்தினம் கேட்டார். வெள்ளிக்கிழமையிலிருந்து அனுப்பு என்று காசியம்மாளிடம் சொன்னேன். மறுநாள் அவள் மண்டி வாசலில் வந்து நின்றாள்.

"மொதலாளி, சின்னவன அனுப்ப முடியாதுங்க."

"ஏன், ஒடம்பு சரியில்லையா?"

"பெரியவன் வேணாங்கறான். அந்த வாத்தியாரு..." விரல்களில் ஒட்டியிருந்த புளியைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். "அந்தாளு நல்லவரு இல்லீங்க. அதுக்கு மேல என்னைய கேக்காதீங்க. பெத்தவ வாயால அத சொல்ல வராது."

"பையனுங்க ஆயிரம் சொல்லுவானுங்க, காசியம்மா."

"எம்புள்ள பல்லு வலிச்சாக்கூட சொல்ல மாட்டானுங்க. அவன் வாயத் தொறந்து சொல்றான்னா பாத்துக்கங்க."

நான் அவளை மிரட்டவில்லை. இதை எழுதிக்கொள்ளுங்கள் ஐயா. இந்த வருஷம் புளி வரத்து குறைவு, களத்தில் ஆள் குறைக்க வேண்டியிருக்கும் என்று மட்டும் சொன்னேன். அது வேறு விஷயம். பேச்சோடு பேச்சாக வந்தது. அவள், "நீங்களே வெசாரிச்சு ஒரு நியாயம் சொல்லுங்க" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் கூட்டினேன். குற்றம் இன்னது என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. 'அந்த விஷயம்' என்றோம். பையன்களும் சங்கத்தைச் சேர்ந்தவர்கள்தானே, வழக்கப்படி பலகையிலேயே தீர்த்துவிடலாம் என்றேன். பலருக்கு அது நிம்மதியாக இருந்தது. முகத்தில் தெரிந்தது. காளியப்பன் மட்டும் கேட்டார்.

"ஏங்க குப்புராஜு, குடை காணாம போனதும் இதுவும் ஒண்ணுங்களா?"

"எடுத்தவரே குடையப் பத்திப் பேசறாரு பாருங்க" என்றார் தர்மன்.

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். காளியப்பனும் சிரித்தார். ஒரு சபையில் சிரிப்பு வந்த பிறகு கேள்வி கேட்பது கஷ்டம்.

செல்லனை மேலே கூப்பிட்டேன். துவைத்த சட்டை போட்டிருந்தான். தலைக்கு எண்ணெய் வைத்து வாரி அனுப்பியிருந்தாள் அவன் அம்மா.

"வாத்தியாரோட ஆடு. ஜெயிச்சா நியாயம் உன் பக்கம்."

"ஜெயிச்சா தம்பிய அனுப்ப வேணாமுங்களா?"

"மொதல்ல ஜெயிச்சுக் காட்டு."

மன்னிப்புக் கேட்டதும் விஷயம் முடிந்துவிடும் என்ற பாதியை நான் அவனிடம் சொல்லவில்லை. அவன் கேட்கவும் இல்லை.

பாயில் எதிரெதிராக உட்கார்ந்தார்கள். செல்லன் பலகையை விட்டு நன்றாகத் தள்ளி உட்கார்ந்தான். காயை நகர்த்தும்போது கையை முழுக்க நீட்டுவான், உடனே இழுத்து மடியில் வைத்துக்கொள்வான். அவன் முகத்தில் வியர்வை இருந்தது. ஆட்டம் நெடுநேரம் போனது. நான் மௌனத்தை விரும்புகிறவன், ஆனாலும் அன்றைய மௌனம் வேறு மாதிரி இருந்தது. கீழே களத்தில் பெண்கள் புளி தட்டும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. சம்பள அவசரத்துக்கு ஞாயிற்றுக்கிழமையும் வருவார்கள். அந்தச் சத்தத்தில் காசியம்மாளின் கட்டை எது என்று நான் பிரித்துக் கேட்க முயன்றது நினைவிருக்கிறது.

பாதி ஆட்டத்துக்கு மேல் முனிரத்தினம் தன் மந்திரியைச் செல்லனின் குதிரை வெட்டும் இடத்தில் கொண்டுபோய் வைத்தார். சுற்றி நின்றவர்கள் மூச்சை இழுத்தார்கள். செல்லன் உடனே வெட்டவில்லை. மந்திரியையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு தலையை நிமிர்த்தினான். எதிரே இருந்தவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான். ரொம்ப நேரம். ஏன் என்னைப் பார்க்கிறான் என்று எனக்குப் புரியவில்லை. அப்புறம் வெட்டினான்.

ஆட்டம் முடிந்ததும் முனிரத்தினம் தன் ராஜாவைப் படுக்க வைத்துவிட்டுக் கைகூப்பினார்.

"மன்னிச்சுக்கப்பா செல்லா. நான் சொல்லிக் குடுத்தத வெச்சுத்தான் என்னையே ஜெயிச்ச. எனக்கு அதுவே பெருமை."

தர்மனுக்குக் கண் கலங்கிவிட்டது. "என்னா மனுசன் பாருங்க. தோத்தும் பெருமப்படறாரு" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள்.

"அப்போ மாதேஸு?" என்றான் செல்லன்.

அப்போதுதான் மீதியைச் சொன்னேன். "வாத்தியார் மன்னிப்புக் கேட்டாச்சு. நீ ஏத்துக்கணும். இனிமே அந்தப் பேச்சு கெடையாது. வழக்கப்படி தம்பி வெள்ளிக்கெழம வரட்டும்."

"நான்தானுங்களே ஜெயிச்சேன்."

"ஆமாம்பா. நீதான் ஜெயிச்ச."

அறையே ஒரே குரலில் அதைச் சொன்னது. நீதான் ஜெயிச்ச, நீதான் ஜெயிச்ச என்று முதுகில் தட்டினார்கள். யாராவது தொட்டால் அவன் உடம்பு விலகியது. பெரியவர்களின் பாராட்டுக்குக் கூச்சப்படுகிறான் என்று நினைத்தோம்.

அந்த வாரமே செல்லன் தகப்பனிடம் போகக் கோலாருக்குக் கிளம்பினான். தம்பியையும் கையில் பிடித்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு வந்தான். பிளாட்பாரத்தில் இருவரையும் பார்த்த காளியப்பன், சின்னப் பையனை எப்படித் தனியாக அனுப்புவது என்று மாதேஸை மட்டும் வண்டியிலிருந்து இறக்கி, வீட்டில் கொண்டுவந்து விட்டார். நல்ல மனதோடுதான் செய்தார். பிறகு அவரும் ஸ்டேஷனிலிருந்து நேராக வீட்டுக்குப் போகத் தொடங்கிவிட்டார். சங்கத்துக்கு வருவது குறைந்தது.

மாதேஸ் வெள்ளிக்கிழமை வந்தான். அப்படி ஆடாமல் அசையாமல் உட்காருகிற குழந்தையை நான் பார்த்ததில்லை. மற்றப் பையன்கள் நெளிவார்கள், கொட்டாவி விடுவார்கள். இவன் கூப்பிட்டால்கூடத் திரும்ப மாட்டான். என்ன கவனம் என்று வெளியூர்க்காரர்களை அழைத்துக் காட்டினேன். நாற்பதில் சேலத்துக் கேடயத்தை எங்களுக்கு வாங்கித் தந்தது அவன்தான். போட்டோ எடுத்தோம். முனிரத்தினத்தின் கை அவன் தோளில் இருந்தது. படத்தை மாடியில் மாட்டினோம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். தர்மன், தன் பேரனுக்குப் படிக்கிற வயது வந்தபோது, "அவனுக்குக் கணக்கு வந்தாப் போதுமுங்க, சதுரங்கம் எதுக்கு?" என்றார். சங்கத்திலிருந்த டாக்டர் தன் மகனைத் தருமபுரிக்குப் படிக்க அனுப்பினார். சங்கத்தில் ஒருவர் வீட்டுப் பிள்ளைகூட முனிரத்தினத்திடம் படிக்கவில்லை. யாரும் யாரிடமும் காரணம் சொல்லவில்லை. படித்தவர்கள் எல்லாம் களத்தில் வேலை செய்கிறவர்களின் பிள்ளைகள். அதைத் தர்மம் என்று சொல்லிக்கொண்டோம்.

நாற்பத்திரண்டில் முனிரத்தினம் ஜோலார்பேட்டைப் பக்கம் போக விரும்பினார். அந்த ஊர்ப் பெரியவர்கள் என்னைக் கேட்டார்கள். பத்தரை மாற்றுத் தங்கம் என்றேன். மாலை போட்டு வண்டி ஏற்றினோம். இப்போது அங்கே அவரைப் பிடித்துவிட்டீர்கள். எத்தனை பிள்ளைகள் என்று நீங்கள் சொன்னதை நான் திரும்பச் சொல்ல விரும்பவில்லை.

செய்தி வந்த அன்று எல்லோரும் மாடிக்கு வந்தார்கள், காளியப்பன்கூட. "நமக்கு என்னாங்க தெரியும்?" என்றார் தர்மன். அதையே ஆளாளுக்குச் சொன்னார்கள். படத்தைக் கழற்றினார்கள். கழற்றிய இடத்தில் மட்டும் சுவர் வெள்ளையாக இருந்தது.

"படம் இருந்தப்போ இவ்வளவு பளிச்சுன்னு தெரியலீங்க" என்றார் காளியப்பன்.

அந்த இடத்தில் ஒரு காலண்டரை மாட்டிவிட்டுப் போனார்கள்.

மாதேஸ் இன்னும் வருகிறான். பதினான்கு வயது. ஞாயிற்றுக்கிழமை மாடிக்குப் போய்த் தனியாகக் காய்களை அடுக்குகிறான். கீழே உட்கார்ந்திருக்கும் எனக்கு ஒவ்வொரு காயும் வைக்கப்படும் சத்தம் கேட்கும். எல்லாக் காயும் வைத்தபின் ஒன்றும் கேட்காது. ஆட மாட்டான். எனக்கு எழுந்து மேலே போக வேண்டும் போலிருக்கும், கால் வராது. வாரத்தின் மற்ற நாட்களிலும், அவன் இல்லாதபோதும், அந்தச் சத்தம் கேட்கத் தொடங்கியிருக்கிறது. என் மனைவி சின்னம்மாள் தனக்கு ஒன்றும் கேட்கவில்லை என்கிறாள். நீங்கள் எத்தனை முறை கேட்டும் அவன் வாய் திறக்கவில்லை என்றீர்கள். அவன் சுபாவம் அப்படி.

எனக்கு முன்பே தெரியுமா என்று கேட்கிறீர்கள். தெரியும் ஐயா. காசியம்மாள் வந்து சொல்வதற்கு முந்தைய மாசியிலேயே தெரியும். மண்டிச் சாவியைக் கேட்கப் பின்னறைக்குப் போனேன். கதவு சும்மா சாத்தியிருந்தது. தள்ளினேன். செல்லன் முகம் என் பக்கமாக இருந்தது. அவன் என்னைப் பார்த்தான். நான் கதவைப் பழையபடி சாத்திவிட்டு வந்தேன், சத்தம் வராமல். அன்றிரவு சாப்பாடு அனுப்ப வேண்டாம் என்று சொல்ல நினைத்தேன். அனுப்பிவிட்டேன். சேலத்து ஆட்டம் பக்கத்தில் வந்துகொண்டிருந்தது.

ஆட்டம் நடந்த அந்த ஞாயிற்றுக்கிழமை காலை முனிரத்தினத்தின் அறைக்குப் போய்ப் பேசினேன். அவர் ஜெயித்தால் பையன் பொய்யன் ஆவான். காசியம்மாள் சும்மா இருக்க மாட்டாள், கோலாருக்குச் சொல்லி அனுப்புவாள், விஷயம் வெளியே போகும். தோற்றால் ஒரு மன்னிப்போடு முடிந்துவிடும். அதனால் தோற்றுவிடுங்கள் என்றேன். "மந்திரியைக் கொடுத்துடறேன்" என்றார் அவர். இருவரும் காபி சாப்பிட்டோம்.

நடந்தது இவ்வளவுதான். கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். செல்லன் கோலாரிலிருந்து வந்து சாட்சி சொல்லப் போகிறான் என்றீர்கள். மந்திரி விஷயத்தை அவன் இருக்கும்போது கோர்ட்டில் படிக்க வேண்டாம். அன்று தான் ஜெயித்ததாகவே அவன் இன்னும் நினைத்துக்கொண்டிருப்பான். அந்தப் பிள்ளைக்கு நான் செய்த நல்லது அது ஒன்றுதான். அதையாவது அவனுக்கு விட்டுவைக்கலாம்.