ஆயிரத்து இருநூறு முடி

இல்லம்மா, இந்த டிஸ்க்குக்குச் சொந்தக்காரி, என் வீட்டுக்காரி, உன் கடைக்கு வர முடியாது. அவளை உசுரோட கடைசியாப் பார்த்தது அவ போன அன்னைக்குக் காலையில. ஆஸ்பத்திரிக் கட்டில்ல ஒருக்களிச்சுப் படுத்துக்கிட்டு, கம்பளிப் போர்வையை விரலால ஒரே பக்கமா நீவி விட்டுக்கிட்டிருந்தா. நர்ஸ் வந்து கலைச்சுட்டுப் போவா, இவ மறுபடி நீவுவா. பதினெட்டு வருஷப் பழக்கமாச்சே, விடுமா?

அவ என்ன வேலை பார்த்தான்னும் சீட்டுல எழுதணுமா? எழுதிக்கோ. கம்ப்யூட்டர்ல மிருகங்களுக்கு முடி போடுறது. சிரி, சிரி. எல்லாரும் சிரிக்கிறதுதான். என் வீட்டுக்காரி முடி வேலை பார்க்கிறான்னா, எந்த சலூன்லன்னு கேப்பாங்க. அவ தம்பியே வழுக்கையைத் தடவிக்கிட்டு, அக்கா எனக்கும் ரெண்டு நட்டு விடேன்னு வந்து நிப்பான்.

கம்பெனிக்கு அவ போட்ட கரடியும் நரியும் எங்கெங்கயோ படத்துல ஓடுது. அதெல்லாம் மீட்டுக் குடுன்னு நான் கேக்கல. இந்த டிஸ்க்ல இருக்கிறது நீர்நாய். அவளுக்குன்னு அவளே செஞ்சது. அஞ்சு வருஷ ஞாயித்துக்கிழமை. மூக்குக்கிட்ட முடி எப்படித் திரும்புதுன்னு பார்க்க, பக்கத்து வீட்டு நாயை மடியில போட்டு மூஞ்சிய ஆராய்ச்சி பண்ணுவா. கடைசில அது இவளைக் கண்டாலே கட்டிலுக்கு அடியில பூந்துக்கும்.

எல்லா முடியும் கையால நடுறதில்லம்மா. ஆயிரத்து இருநூறு முடி. அதைத்தான் ஒண்ணொண்ணா வளைச்சுச் சீவுவா. மிச்சம் இருபது லட்சத்தை மெஷினே அதுங்களைப் பார்த்து நட்டுக்கும். உடம்பு அசைஞ்சா அந்த ஆயிரத்து இருநூறு அசையும், அதோட சேர்ந்து மத்ததும் அசையும். எனக்கு இதெல்லாம் அப்பத் தெரியாது. பின்னாடி நானா உக்காந்து படிச்சது.

என்னம்மா, உதட்டைப் பிதுக்குற? டிஸ்க்கை இன்னொரு தடவை தேட விட்டுப் பாரேன். அவசரமில்ல, நான் உக்காந்திருக்கேன்.

வைரஸ் வந்து அழிஞ்சுதா? இருக்கும். அப்படித்தான் ஏதோ.

நானே சீவிப் பார்த்தேம்மா. ரெண்டு வருஷம். கிழிஞ்ச தலகாணி மாதிரி வந்துச்சு. கம்பெனிக்காரங்க நல்லவங்க, இருக்கிறதை வச்சு நாங்க புதுசாச் சீவித் தர்றோம்னாங்க. வேணாம்னுட்டேன். அது அவங்க கை, இவ கை இல்ல.

மேல எழுதிட்டாங்களா? அப்படின்னா? அழிச்ச எடத்துல வேற எதையோ கொட்டிட்டாங்கன்னா இனி வராதா? துளிகூடவா?

ம்.

வைரஸ் இல்லம்மா.

போறதுக்கு முந்தின நாள் ஆஸ்பத்திரியிலேருந்து போன் பண்ணினா. நீர்நாய் கரையேறி உடம்பை உதறணும், நாலே செகண்டு, படமா ஓட விட்டு வைங்கன்னா. எந்த பட்டனை அமுக்கணும்னு வரிசையாச் சொன்னா. அமுக்கினா, எடம் பத்தலைங்குது மெஷின். அவளைக் கேட்டிருக்கலாம். மூச்சு வாங்குறவளை எதுக்குத் தொந்தரவு பண்ணணும்னு நானே தொறந்து பார்த்தேன். இந்தாப் பெரிசா ஒரு ஃபோல்டர். இருபது லட்சம் முடியும் இதுலதான் இருக்குன்னு அதை மட்டும் கண்ணு மாதிரி வச்சுக்கிட்டு, மத்த சில்லறையெல்லாம் அழிச்சுட்டேன். அவ சீவின ஆயிரத்து இருநூறு அந்தச் சில்லறையில ஒரு சின்ன ஃபைலு. அழிச்ச எடத்துலதான் அந்த நாலு செகண்டும் போய் உக்காந்துச்சு.

ஓடிச்சும்மா. உடம்பு மட்டும். வெறுந்தோலா கரையேறி உதறிட்டுப் போகுது. முடி முன்னாடி நின்ன எடத்துலயே நிக்குது, ஆள் கழண்டு போன சட்டையாட்டம்.

மறுநாள் காலையில, போர்வையை நீவிக்கிட்டே கேட்டா. உதறுச்சான்னா. நல்லா உதறுச்சுன்னேன். மீசையில தண்ணி நின்னுச்சான்னா. ரெண்டு சொட்டு நின்னுச்சுன்னேன். எந்தப் பக்கம்னா. எடது பக்கம்னேன். அப்பதான் போர்வையிலேருந்து கையை எடுத்தா.

நீ என்னம்மா பண்ணுவ, பாவம். டிஸ்க்கைக் குடு, அந்தச் சின்ன ஸ்க்ரூவையும் மறக்காமப் போடு. பெரிய ஃபோல்டர் அப்படியேதான இருக்கு? சரி. முடி எல்லாம் இருக்கு. அசையாது, அவ்வளவுதான்.