பவானிக்கு எழுதிக் கொடுத்த தாள்கள்

நான் சொல்வதில் தேதிகள் முன்னே பின்னே இருக்கலாம். அறுபத்தெட்டு வயதாகிறது. முதல் தாளை மாற்றி எழுதியது ஆவணியிலா புரட்டாசியிலா என்று இரண்டு நாளாக யோசிக்கிறேன், பிடிபடவில்லை. நீங்கள் என் வக்கீல், நடந்ததை எழுதித் தரச் சொன்னீர்கள், எழுதுகிறேன். ஞாபக விஷயத்தில் மட்டும் என்னை முழுக்க நம்ப வேண்டாம்.

பவானி என் மனைவி. கடலூரில் எங்கள் நாடகக் குழுவுக்கு வந்தபோது அவளுக்கு இருபது வயது. நான் பிராம்ப்டர். பக்கத் திரைக்குப் பின்னால் நோட்டோடு நின்று, நடிப்பவர்களுக்கு வசனம் மறந்தால் எடுத்துக் கொடுக்கிற வேலை. ஆரம்பத்தில் அவளுக்கு வரிக்கு வரி மறக்கும். மறந்ததும் கண் லேசாக என் பக்கம் வரும். சிதம்பரத்தில் ஒரு நாடகம் முழுவதும் அப்படியே பார்த்துப் பார்த்து நடித்து முடித்தாள். அந்த மாதமே பெண் கேட்டுப் போனேன்.

பத்து வருஷத்தில் அந்தப் பார்வை நின்றுவிட்டது. மேடையில் இருக்கிற ஐந்து பேர் வசனமும் அவளுக்கு மனப்பாடம். நான் நோட்டோடு சும்மா நின்றேன். பதினைந்து வருஷம் அப்படி நின்றேன் என்று நினைக்கிறேன்.

பிறகு டிவி வந்தது. சீரியலில் பக்கத்தில் ஒருவர் வசனத்தைச் சத்தமாகப் படிப்பார், நடிப்பவர்கள் அதைத் திருப்பிச் சொல்வார்கள். பவானி அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. தாளை முதல் நாளே கொடுத்துவிடுங்கள் என்றாள். மூன்று பக்கக் காட்சியை ஒரே மூச்சில் பேசினாள். உதவி இயக்குநர் அருண்குமார் எல்லோரிடமும் சொல்வான், "பவானிம்மா வந்தா மத்தியானமே வூட்டுக்குப் போலாம்டா." அவளுக்காகவே ஒரு தொடர் எழுதினார்கள். சென்னையிலேயே தங்க வேண்டும் என்றார்கள்.

"நீங்க ஏன் மாமா வெயில்ல என் பின்னாடி அலையணும்," என்றாள். "ஊர்ல நிம்மதியா இருங்க. நான் பாத்துக்கறேன்."

அன்பாகத்தான் சொன்னாள். எனக்குக் கோபம் எதுவும் வரவில்லை.

அந்தச் சமயம் அவளுக்குக் கண்ணில் ஆபரேஷன் ஆகியிருந்தது. போன் எழுத்து தெரியாது, அதனால் நானும் சென்னையில் கூடவே இருந்தேன். காட்சி என் போனுக்கு வரும், நான் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுப்பேன். ஒரு நாள் இரண்டு வரியை மாற்றி எழுதினேன். மறுநாள் அவள் அதைப் பேசி முடித்ததும் அருண்குமார், "அம்மா, இது நம்ம டயலாக்கே இல்லியே," என்றான். அவள் சிரித்தாள். தாளைக் கொண்டு வரச் சொன்னாள். சரியான வசனத்தோடு இன்னொரு தாள் பையில் வைத்திருந்தேன். அதை எடுத்துக் கொடுத்தேன், இரண்டு முறை படித்தாள். பிறகு சிரிக்கவில்லை.

காரில் வரும்போது கேட்டாள். "மாமா, ராத்திரி நான் படிச்சது இதானா?"

"இதான். ரெண்டு தடவ படிச்சியே."

அப்போது என்னைப் பார்த்தாள். பழைய பார்வை.

இப்படி நாலு மாதம் போதுமாயிருந்தது. தொடரின் கதையில் அவளை அமெரிக்காவில் இருக்கிற மகன் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஒரே ஒரு வசனத்தில். நாங்கள் ஆற்றங்கரையில் இருக்கிற எங்கள் ஊர் மேல்பட்டாம்பாக்கத்துக்கு வந்துவிட்டோம்.

அங்கே ஆறு வருஷம். நான் பெரிதாக ஒன்றும் செய்ததில்லை. அவள் மூக்குக் கண்ணாடியை இடம் மாற்றி வைப்பேன். சாப்பிடாதபோது சாப்பிட்டாயே என்பேன். ஷூட்டிங்குக்குக் கூப்பிட்டவர்களிடம் மறதி நோய் என்று சொன்னேன். சிதம்பரத்தில் வேலை பார்க்கும் மகள் கயல்விழி, பெரிய டாக்டரிடம் காட்டலாம் என்றபோது காட்டியாகிவிட்டது என்றேன். வீட்டைப் பூட்டுவது என் யோசனை இல்லை. பவானியே கேட்டாள். "நான் எங்கனா போயிட்டா வழி தெரியாது. பூட்டிட்டுப் போங்க மாமா."

போன கார்த்திகையில் கடலூரில் மூத்த கலைஞர்களுக்குப் பாராட்டு விழா. அவள் சார்பில் சால்வை வாங்கிக்கொள்ளப் போனேன். மழை முதல் நாளே விட்டிருந்தது. ஆற்றுத் தண்ணீர்தான் தாமதமாக வந்தது. சாலை மூழ்கி, நான் கடலூரிலேயே மாட்டிக்கொண்டேன்.

எதிர் வீட்டு இருசம்மாள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். தண்ணீர் இடுப்பளவு ஏறியபோது ஜன்னலுக்கு வந்து கத்தியிருக்கிறாள். "யக்கா, பின்கதவு சாவி அதோ ஆணியில தொங்குது பாரு. எடுத்துத் தொற."

பவானி பெஞ்சு மேல் நின்றுகொண்டு அந்தச் சாவியைப் பார்த்தாளாம். "அது இந்த வூட்டு சாவின்னுதான் எனக்கும் தோணுது இருசு. ஆனா எனக்குத் தோணறது எதுவும் சரியா இருக்காது. மாமா வரட்டும், கேட்டுக்கலாம்."

தண்ணீர் மார்பளவு வந்தபிறகு ஆட்கள் முன்கதவை உடைத்து அவளைத் தூக்கி வந்தார்கள். இரண்டு நாள் கழித்துக் கயல்விழி பெட்டியில் நனைந்திருந்த தாள்களை எடுத்துக் காயப்போட்டாள். ஒரே காட்சி, ஒரே கையெழுத்து, இரண்டு வசனம். ஒவ்வொரு காட்சிக்கும் அப்படி. நான் அவற்றைக் கிழித்துப் போட்டிருக்கலாம். ஆனால் நான் எழுதிய வரிகள் மோசமானவை அல்ல. சில இடங்களில் அவர்களுடையதைவிட நன்றாகவே இருக்கும்.

"ஏம்பா?" என்று மட்டும் கேட்டாள். பிறகு அவள் போலீசுக்குப் போன் செய்தாள்.

இப்போதைய நிலவரம் இது. மேல்பட்டாம்பாக்கம் வீடு காலியாகக் கிடக்கிறது. இருசம்மாள் என்மீது சாட்சி சொல்லப்போகிறாள். அருண்குமார் இப்போது இயக்குநர், பவானிக்கு ஒரு வேஷம் வைத்துக்கொண்டு காத்திருக்கிறான். பவானி சிதம்பரத்தில் மகளோடு இருக்கிறாள். மூன்று டாக்டர்கள் பார்த்து, மறதி எதுவும் இல்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். கயல்விழி அதைப் படித்துக் காட்டினாள். பவானி நம்பவில்லை. மாமா இருந்தால் கேட்டுக்கொள்ளலாம் என்றாளாம்.

நான் எல்லாவற்றையும் ஒத்துக்கொள்கிறேன். தாளை மாற்றியது நான், நோய் என்றது நான், பூட்டியது நான். கோர்ட்டில் ஒன்றை மட்டும் எனக்காக எடுத்துச் சொல்லுங்கள். இத்தனை வருஷத்தில் அவளை நான் ஒரு நாளும் தனியாக விட்டதில்லை.