சர்பஞ்ச் புறா சுடப் போன நாள்

இல்லண்ணா, எனக்கு ஒண்ணும் இல்ல. கையி காலு எல்லாம் நல்லாத்தான் கீது. சட்டையில கீறது ரத்தம் இல்ல, செம்மண்ணு. அடிபட்டவரு உள்ள கீறாரு. உள்ள ஒரே கூட்டம், கூட வந்தவங்கள்லாம் வெளிய இருங்க, வேணும்னா கூப்புடறோம்னுட்டாங்க. அதான் இந்த பெஞ்சுல ஒக்காந்துகினு கீறேன்.

உங்களுக்கு? பைக்லருந்து வுழுந்தீங்களா? ஐயோ, அரக்கோணத்துலருந்து இந்தக் காலோட ரயில்ல வந்தீங்களா! மொதல் கட்டு முடிஞ்சி இது ரெண்டாவது கட்டா? சரி, புத்தூர் கட்டுக்கு வந்துட்டீங்க இல்ல, எலும்பு கூடிக்கும்.

எங்களுக்கா, குடிபாலா பக்கம். ஆமா, சித்தூர் தாண்டி, வேலூர் ரோட்ல. எம் பேரு முனிரத்தினம்.

இவரா? நாய தொரத்திகினு போயி வரப்புல வுழுந்தாரு. அது வாயில புறா இருந்துச்சு. நெஜப் புறா இல்லண்ணா, பிளாஸ்டிக் புறா. பாருங்க, நான் சொல்லக்குள்ளயே உங்களுக்குச் சிரிப்பு வருது. நானும் காலையிலருந்து அடக்கிகினு கீறேன். மொதல்லருந்து சொன்னாத்தான் புரியும்.

இவரு பேரு நாகபூஷணம். எங்க ஊர்ல சர்பஞ்சா, அதான் பஞ்சாயத்துத் தலைவரா இருந்தவரு. இப்ப இல்ல, ஆனா இன்னும் சர்பஞ்சுன்னுதான் கூப்புடணும். பேர் சொல்லிக் கூப்ட்டா திரும்பிக்கூடப் பாக்க மாட்டாரு. மாந்தோப்பு, வேர்க்கல்ல நெலம், காரு, துப்பாக்கி எல்லாம் கீது. லைசென்ஸ் துப்பாக்கிதான். காட்டுப் பன்னி பயிர நாசம் பண்ணுதுன்னு அவங்க நைனா காலத்துல வாங்குனது. எங்க நைனா அவங்க வூட்டு மாடு மேய்ச்சவரு. இப்ப எனக்குன்னு கொஞ்சம் நெலம் கீது, டிராக்டர் வெச்சு வாடகைக்கு ஓட்டறேன், பையன் முரளி திருப்பதில லேப்ல வேலையா கீறான். இருந்தாலும் சர்பஞ்ச் காரு எதுருல வந்தா எந்த டிராக்டரும் தானா ஓரம் கட்டிக்கும். நான் ஒண்ணும் பண்றது இல்ல. அதுக்கே பழகிப் போச்சு.

பதவி போனதுலருந்து மனுசனுக்குப் பொழுது போவல. நாள் பூரா போன்ல வீடியோ. அதுல எவனோ வெள்ளக்காரன் வயல்ல பொம்மப் புறாவ வெச்சுட்டு, மறைவுல ஒக்காந்து, எறங்கற புறாவ எல்லாம் படபடன்னு சுடறானாம். நம்ப வேர்க்கல்லயத் துன்னற புறாவுக்கு இதாண்டா வைத்தியம்னு சொல்லி ஆன்லைன்ல ஆர்டர் போட்டுட்டாரு. பார்சல் வந்த அன்னிக்கு ஊரே போயி வேடிக்க பாத்துச்சு. சாம்பக் கலருல ஒரு பொட்டி நெறைய புறா. அதுல ஒண்ணு பேட்டரி போட்டா ரெண்டு ரெக்கையும் சுத்தும். கோயில் கும்பாபிசேகத்துல கூட அவரு மொகத்துல அவ்ளோ சந்தோசத்த நான் பாத்தது இல்ல.

கேசா? புறா சுட்டா கேசு கீதோ இன்னாவோ, எனக்குத் தெரியாது. கேசு போடறதுக்கு ஒரு புறாவாச்சும் சாவணும் இல்ல?

அவரு என்ன கூப்புடலண்ணா. நானாத்தான் போயி, சர்பஞ்ச், நானும் வரேன், மூட்ட தூக்க ஆளு வேணும் இல்லன்னு கேட்டேன். அவருக்கே ஆச்சரியம். ஏமிரா, நீ எப்பருந்துடா வேட்டைக்கு வர ஆரம்பிச்சன்னாரு. எனக்கு அவருகிட்ட ஒரு விசயம் சொல்லணும்னு இருந்துச்சு. அவரு வூட்ல சொல்ல முடியாது, நாலு பேரு வந்து போற எடம். எம் பொண்டாட்டி யசோதாதான் சொன்னா, நாலு புறா வுழுந்துச்சுன்னா மனுசன் சந்தோசமா இருப்பாரு, அந்த நேரமாப் பாத்து சொல்லிடுய்யான்னு. புளிசோறு கட்டிக் குடுத்து அனுப்புனா.

இன்னிக்குக் காலையில நான்தான் காரு ஓட்டினு போனேன். வேர்க்கல்ல புடுங்குன வயலு. ஓரத்துல பச்ச வலை கட்டி, பன மட்ட சொருவி, ரெண்டு பேரு குந்தற மாதிரி ஒரு மறைவு போட்டோம். பொம்மைங்கள காத்தடிக்கற பக்கமாப் பாத்து வெக்கணுமாம், வீடியோல சொன்னானாம். காத்தே அடிக்கல. ஒரு பிடி மண்ண எடுத்து வுட்டுப் பாத்தாரு, நேரா அவரு கால் மேலயே வுழுந்துச்சு. சரி, கெழக்காலப் பாத்து வைடான்னாரு. வெச்சேன். நடுவுல அந்த பேட்டரி புறா, கிர்ருனு சுத்திகினு.

அப்புறம் ஒக்காந்தோம். பேசக்கூடாது, இரும்பக்கூடாது, கொசு கடிச்சாக்கூட அடிக்கக்கூடாது. நான் வந்ததே பேசறதுக்கு. வாயத் தொறந்து, சர்பஞ்ச், ஒரு விசயம்னேன். மாட்லாடொத்துன்னு ஒதட்டுல வெரல் வெச்சாரு. பேசாதடான்றாரு.

புறா வந்துச்சுண்ணா. வராம இல்ல. கூட்டமா வந்து, கரண்டு கம்பியில வரிசையா ஒக்காந்து, எங்க பொம்மைங்கள நல்லாப் பாத்துச்சுங்க. இந்தாண்ட ஒருவாட்டி, அந்தாண்ட ஒருவாட்டி தலையச் சாச்சிப் பாத்துச்சுங்க. பாத்துட்டு அப்பிடியே எழுந்து பக்கத்துக் களத்துக்குப் போயிடுச்சுங்க. அங்க கோவர்த்தனன் நெல்லு காய வெச்சிருந்தான். நெஜ நெல்லு கீறப்ப பிளாஸ்டிக்குக் கிட்ட எது வரும்? களத்துல சுட முடியாது, அவன் பொண்டாட்டி புள்ளைங்க அங்கயே கீறாங்க. இவரு பல்லக் கடிக்கற சத்தம் எனக்குக் கேக்குது.

வெயில் ஏறிச்சு. ஒரு காக்கா வந்து பொம்மப் புறா தலையில ஒக்காந்து எச்சம் வுட்டுட்டுப் போச்சு. சுடட்டுமான்னு என்னக் கேட்டாரு. வேணாம் சர்பஞ்ச், காக்கா பாவம்னேன். இன்னிக்கு அவருகிட்ட நான் முழுசாப் பேசுன மொதல் வார்த்த அதுதான்.

அப்பத்தான் வெங்கடம்மா ஆட்ட ஓட்டினு அந்தப் பக்கம் வந்துச்சு. பொம்மைங்களப் பாத்துட்டு, மறைவப் பாத்துட்டு, நேரா வந்து வலைய வெலக்கி உள்ள எட்டிப் பாத்து, ஊருக்கே கேக்கற மாதிரி கேக்குது: இன்னா சர்பஞ்ச், இத்தினி புறா செத்து வெறச்சிக் கெடக்குது, மருந்து வெச்சிட்டியா, எங்க ஆடு வேற இங்கதான மேயுது! இவரு கண்ண மூடிகினாரு. அந்தம்மா பேட்டரி புறாவக் காட்டி, ஐயோ பாவம், இது மட்டும் இன்னும் துடிச்சிகினு கீதுன்னுது.

சிரிங்கண்ணா, சிரிங்க. கால ஆட்டாம சிரிங்க. என்னால அங்க சிரிக்க முடிஞ்சதா? ஒதட்டக் கடிச்சிக் கடிச்சி, பாருங்க, இங்க வீங்கியே போச்சு.

மத்தியானம் ஆச்சு. அவரு பைய தொறந்தாரு. உள்ள இன்னா கீதுன்றீங்க? எண்ண, மொளகாத் தூளு, மசாலா, ஒரு இரும்புச் சட்டி. சோறு கெடையாது. சுட்ட புறாவ அங்கயே வறுத்துத் துன்னற ஐடியா. சட்டியப் பாத்தாரு, கம்பியப் பாத்தாரு. கம்பியில ஒரு புறாகூட இல்ல. நான் எங்க வூட்டு டப்பாவ எடுத்து வெச்சேன். வெச்சுட்டு நகந்துகினேன். அவங்க வேற ஆளுங்க, நாங்க வேற ஆளுங்க, உங்களுக்குப் புரியும். எங்க தெருவுக்கு ஓட்டு கேக்க வந்தப்ப கூட, மோரு குடுத்தா வாங்கிக் கையில வெச்சுகினே பேசிட்டு, குடிக்காம அப்பிடியே திண்ண மேல வெச்சுட்டுப் போனவரு.

கொஞ்ச நேரம் டப்பாவையே பாத்துகினு இருந்தாரு. அப்புறம் கைய வுட்டாருண்ணா. ஒரு வாயி துன்னுட்டு, உப்பு கம்மிடான்னாரு. ரெண்டாவது வாயி துன்னாரு. எனக்குக் கொஞ்சம் வெச்சுட்டு மீதி எல்லாத்தையும் அவரே துன்னுட்டாரு. புறா வுழலன்னா போவட்டும், இதவிட நல்ல நேரம் வராதுன்னு, தண்ணி பாட்டில நீட்டிகினே, சர்பஞ்ச், எங்க முரளி கீறான் இல்லன்னு ஆரம்பிச்சேன்.

அங்க வந்துச்சு அந்த நாயி. கோவர்த்தனன் வூட்டு நாயி, செவப்பா, ஒல்லியா. நேரா வந்து அந்த பேட்டரி புறாவக் கவ்விகிச்சு. வாயி ரெண்டு பக்கமும் ரெக்க கிர்ருனு சுத்துது. நாயிக்கே பயம். வுடவும் தெரியல, துன்னவும் தெரியல, சுத்திச் சுத்தி ஓடுது. இவரு துப்பாக்கிய என் கையில திணிச்சுட்டு, வேட்டிய மடிச்சிக் கட்டிகினு, தொரத்தறாரு. எங்க பரம்பரையிலயே அந்த வூட்டுத் துப்பாக்கியப் புடிச்ச மொத ஆளு நான்தான். புடிச்சிகினு நிக்கறேன், அவரு வரப்புல கால் வழுக்கிக் கைய ஊனி வுழுந்தாரு. மணிக்கட்டுக்கு மேல கையி வளஞ்சிட்டுது.

ஓடிப் போயி தூக்குனேன். தூக்கறப்ப எந்த ஆளு எந்தத் தெருன்னு அவரும் பாக்கல, நானும் பாக்கல. கார்ல என் தோள் மேல சாஞ்சிகினாரு. வூட்டுக்குச் சொல்லாதடா, அழுது ஊரக் கூட்டுவாங்கன்னாரு. துப்பாக்கிய உங்க வூட்லயே எறக்கி வை, அப்புறமா வாங்கிக்கறேன்னாரு. அதே மாதிரி குடுத்துட்டு வந்தேன். யசோதா அது மேல கோணிய மூடி, தானும் பக்கத்துலயே ஒக்காந்துகினு கீறாளாம். வர வழியெல்லாம் வலியில ஒளறிகினே வந்தாரு. திருப்பதில பொண்ணு கீதுடா, சிவசங்கரி, அதுக்கு மட்டும் தெரியவே கூடாதுடா, தாங்காதுடா, எங்கிட்ட எதையும் மறைக்காத பொண்ணுடான்னாரு. நான் ரோட்டப் பாத்து ஓட்டிகினு வந்தேன். வேற இன்னா பண்றது?

அண்ணா, உங்கள ஒண்ணு கேக்கறேன். மொதல் கட்டு கட்டறப்ப எலும்ப இஸ்து நேராக்குவாங்களாமே, ரொம்ப வலிக்குமா? நீங்க கத்திட்டீங்களா? தெருமொன வரைக்கும் கேட்டுச்சா? சரி, சரி.

இருங்க, என்னத்தான் கூப்புடறாங்க. நாகபூஷணம் கூட வந்தவரு எவருன்றாங்க. இதோ வரேன் சார்! இஸ்து கட்டறப்ப தோளப் புடிச்சிக்க ஆளு வேணுமாம்.

நான் சொல்ல வந்த விசயமா? போற அவசரத்துல சொல்லிட்டுப் போறேன். எங்க முரளியும் அவரு பொண்ணு சிவசங்கரியும் போன மாசம் திருச்சானூர்ல தாலி கட்டிகினு, ரிஜிஸ்டரும் பண்ணிகினாங்க. எங்ககிட்டயே முடிஞ்சப்புறம்தான் சொன்னாங்க. எங்க பக்கம் இந்த மாதிரி விசயத்துல இன்னா இன்னா நடந்துருக்குதுன்னு நீங்க பேப்பர்ல படிச்சிருப்பீங்க. யசோதா அன்னிலருந்து ஒழுங்காத் தூங்கல. கையி ஒடஞ்சத பையனுக்கு மட்டும் போன் பண்ணிச் சொன்னேன், அந்தப் பொண்ணு நைனா நைனான்னு அழுதுகினே பஸ் ஏறிடுச்சாம், ரெண்டு பேரும் வந்துகினே கீறாங்க. அவங்க வரதுக்குள்ள நான் சொல்லிடணும். எப்பிடியும் உள்ள அவரு கத்தத்தான் போறாரு. அந்தக் கத்தலோடயே காதுல சொல்லிட்டா, எதுக்குக் கத்தறாருன்னு அவருக்கே தனியாத் தெரியாது.

ண்ணா, ஒரு ஒதவி. பச்ச சுடிதார்ல ஒரு பொண்ணும், கூட ஒல்லியா ஒரு பையனும் வந்தா, உங்க பக்கத்துல ஒக்கார வெச்சிகிங்க. உள்ள சத்தம் அடங்கனப்புறம் அனுப்புங்க.