திரும்பி வந்த புகார்

திருப்பதியிலிருந்து சித்தூர் போகும் பேருந்தில் என் முன்சீட்டில் ஓர் அப்பாவும் மகளும் இருந்தார்கள். அவர் மாங்கூழ் ஆலைச் சட்டை போட்டிருந்தார். அவள் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவி என்பது பேச்சில் தெரிந்தது.

“நான் குடுத்த புகாரு எங்கிட்டயே வந்துட்ச்சி, நைனா.”

“அது எப்டிம்மா?”

“நான் வாயத் தொறந்தா நம்ம ஊருத் தெலுங்கக் கேட்டு டிபார்ட்மெண்டே சிரிக்குதுன்னு எழுதிக் குடுத்தேன் இல்ல? கிராமத்துப் பசங்களுக்கு ஒதவறதுக்குன்னு கமிட்டி போட்டாங்கோ. அதுல என்னயே மெம்பராக்கி, மொத ஃபைலா அதையே குடுத்துட்டாங்கோ.”

அப்பா சிரிக்கவில்லை. “போதும், உட்டுட்டு வந்துடு. நீதானே வந்துடறேன்னு போன வாரம் சொன்னே?”

“சொன்னேன்.” அவள் ஜன்னல் பக்கம் திரும்பினாள். “நேத்து வெதுருகுப்பத்துப் பொண்ணு ஒண்ணு பையத் தூக்கிக்கினு வந்துச்சி. புதுசா சேர்ந்தவ. அவளயும் பாத்து அப்டிதான் சிரிக்கறாங்கோ. ஊருக்கே போறேன்க்கா, படிப்ப நிறுத்தற ஃபாரத்துல கமிட்டி கையெழுத்து போடுன்னா.”

“போட்டியா?”

“இல்ல. திங்கக்கிழம செமினார்ல பேசு, நான் உம் பக்கத்துல நிக்கறேன்னேன்.”

“அவ வருவாளா?”

“தெரியல, நைனா. வந்தாலும் வராட்டியும் நான் போய் நிக்கணுமே.”