சுவருக்குள் போன வேர்

— மூக்கு அப்படியே எங்கப்பா மூக்கு டாக்டர்! இந்த ஸ்கேன் படம் இன்னும் பெருசாக் கிடைக்குமா? கடையில மாட்டணும்.

— சார், நான் காட்டுறது மூக்கை இல்ல. அதுக்குக் கீழ பாருங்க. இது நஞ்சுக்கொடி, நஞ்சு. குழந்தை பொறந்ததும் தானா பிரிஞ்சு வரணும். உங்க மனைவிக்கு முதல் ரெண்டும் ஆபரேஷன். அந்தத் தழும்பு மேலயே ஒட்டி, கர்ப்பப்பைச் சுவருக்குள்ள போயிருக்கு.

— சுவரா? நம்ம டிபார்ட்மெண்டு! ஊர்ல பாதிச் சுவத்துக்கு நான்தான் பெயிண்டு. ஒட்டினா தகடு வச்சுச் சுரண்டிட வேண்டியதுதானே?

— டேய், வாயை மூடிட்டு அவங்க சொல்றதைக் கேளு.

— நீ சும்மா இரும்மா.

— இது பெயிண்டு இல்ல சார், சுவத்துல முளைச்ச மரம். பிடுங்கினா ரத்தம் நிக்காது. வலி வர்றதுக்கு முன்னாடியே, பெரிய ஆஸ்பத்திரியில, ரத்தம் தயாரா வச்சுக்கிட்டு ஆபரேஷன் பண்ணணும். குழந்தையை எடுத்துட்டு, நஞ்சைத் தொடாம கர்ப்பப்பையோட சேத்து எடுத்துடுவாங்க.

— கர்ப்பப்பையவா? ஏற்கெனவே ரெண்டும் பொண்ணு. இதுவும் பொண்ணாப் போச்சுன்னா, அப்புறம் பையனுக்கு நான் எங்க போவேன்?

— டாக்டரம்மா... நஞ்சு பிரியாதுன்னு இப்பல்லாம் முன்னாடியே தெரிஞ்சுடுமா?

— பெரும்பாலும் தெரிஞ்சுடும்மா. தெரிஞ்சுக்கிட்டுப் போனா காப்பாத்திடலாம். சார், உங்க மனைவியை உள்ள கூப்பிடுங்க. அவங்க என்ன சொல்றாங்கன்னு கேப்போம்.

— அவ என்னத்தைச் சொல்லுவா? உப்புப் போடுறதுக்கே என்னைக் கேப்பா. வெளியவே உக்காரட்டும், பயந்துடுவா.

— பயப்பட வேண்டியவர் பயப்படலையே, அதான் எனக்குப் பயமா இருக்கு.

— சும்மா பூச்சாண்டி காட்டாதீங்க டாக்டர். எங்க தெருமுனை கிளினிக்லயே பாத்துக்கறோம். அங்க ரூமுக்கு ரூம் நான் அடிச்ச பெயிண்டு. எங்கம்மா என்னை வீட்லதான் பெத்தாங்க, ஸ்கேனா எடுத்தாங்க? இதோ குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்காங்க பாருங்க. சொல்லும்மா!

— சொல்றேன்டா. உன்னைப் பெத்தவ நான் இல்ல, என் அக்கா. நஞ்சு வரலைன்னு கையை விட்டு இழுத்தாங்க. உன் அழுகையைக் கேட்டவ, உன் முகத்தைப் பாக்காமலே போயிட்டா. எந்திரி, போய் என் மருமகளை உள்ள கூட்டிட்டு வா.