காளியாயி கூரையில் கொய்யாப்பழம்

டீக்கு இஞ்சியைத் தட்டிப் போடுவதைவிடத் துருவிப் போட்டால்தான் ருசி, தலைவரே. குடித்துக்கொண்டே கேளுங்கள். விசாரிக்க வந்த பஞ்சாயத்துத் தலைவரானாலும் வெறும் வாயோடு அனுப்புவது எனக்குப் பழக்கமில்லை.

கூரையில் சோலார் தகடும், மாடிப்படிக்கு அடியில் பேட்டரியும் வைத்துக் கொடுத்தது என் மகள் ஹரிணி. கல்யாணமாகிப் பெங்களூர் கிளம்பும் முன், அம்மா இருட்டில் தனியாகக் கிடக்கக் கூடாதென்று செய்தாள். இந்த நாகலூரில் மரக்கிளை ஒன்று முறிந்தாலே கரண்ட் போய்விடும் என்பது உங்களுக்குத் தெரியாததா.

போன ஆடிக் காற்றில் அப்படித்தான் போனது. தெரு இருண்டது, என் வீட்டில் மட்டும் டி.வி. ஓடியது. எதிர்வீட்டுக் காளியாயிதான் முதலில் போனுக்குச் சார்ஜ் போட வந்தார். பின்னாலேயே மாவாட்ட ஒருத்தி, சீரியல் பார்க்க நாலு பேர், பாடப் புத்தகத்தோடு பிள்ளைகள். கூடத்தில் கால் வைக்க இடமில்லை. காளியாயி எனக்குப் பேன் பார்க்காத குறைதான். கரண்ட் வந்ததும் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எல்லோரும் எழுந்து போனார்கள். டம்ளர்களைக் கழுவும்போது எனக்குத் தோன்றியது, கரண்ட் அவ்வளவு சீக்கிரம் வந்திருக்க வேண்டியதில்லை என்று.

என் காப்பிச் செடிகளை ஒட்டிய கம்பத்தில்தான் தெருவுக்கான பியூஸ் பெட்டி இருக்கிறது. பியூஸ் கட்டையை உருவி, உள்ளே இருக்கும் மெல்லிய கம்பியை அறுத்துவிட்டுப் பழையபடி செருகிவிடுவேன். அதுவாகப் போனது போலவே இருக்கும். தினமும் செய்யவில்லை. நான் பேராசைக்காரி இல்லை. பனி மூடினால் பேட்டரி நிறையாது. அந்த நாட்களில் பிரிட்ஜை அணைத்து, அம்மியில் அரைத்து, சாயந்திரத்துக்காக மிச்சம் பிடிப்பேன். அந்தக் கஷ்டத்தை இதுவரை யாரும் விசாரிக்கவில்லை.

லைன்மேன் மாதேஷ் எங்கள் தெருக்காரர்தான். பியூஸை மாற்றி மாற்றி அலுத்துப்போய், கோளாறு மேலே லைனில்தான் இருக்க வேண்டும் என்று தூறலில் கம்பம் ஏறினார். வழுக்கி விழுந்து கால் முறிந்தது. எனக்கும் வருத்தம்தான். வேறு ஆள் வந்து சேரும்வரை கரண்ட் ஒழுங்காக இல்லை. அவை நல்ல நாட்கள். மாவுக்கட்டோடு மாதேஷும் என் கூடத்துக்கே வந்துவிடுவார். ஒருநாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, நீங்க மட்டும் இல்லீன்னா நாங்கெல்லாம் நொம்பச் செரமப்பட்டிருப்போமுங்க" என்றார். நான் மறுக்கவில்லை. உண்மைதானே.

பிறகு காளியாயி தன் கூரையிலும் சோலார் வைத்தார். அன்று சாயந்திரமும் கரண்டை எடுத்துவிட்டு, பாலைக் காய்ச்சி வைத்துக் காத்திருந்தேன். தெருவே எதிர்வீட்டுக்குப் போனது. கதவைச் சாத்தியும் சிரிப்புச் சத்தம் கேட்டது.

மறுநாள் கனிந்த கொய்யாப்பழங்களாகப் பார்த்துப் பறித்து அந்தக் கூரையில் வீசினேன். தகடுகளின் இடுக்கில் சிக்கிய பழத்தை எடுக்கக் குரங்குகள் வயரையெல்லாம் பிடுங்கிப் போட்டன. ஆள் வந்து சரிசெய்தார். மறுபடி வீசினேன். அப்போதுதான் காளியாயி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க புஷ்பலதா, எம்மேல அப்பிடி என்னங்க கோவம்?"

"கோவமெல்லாம் இல்லீங்க. சாயந்திரம் வருவீங்களா?"

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். நேராக உங்களிடம்தான் வந்திருக்கிறார்.

எல்லாம் நான்தான். பியூஸும் நான், குரங்குகளும் நான், ஒரு வகையில் மாதேஷின் காலும் நான். இனிமேல் செய்ய மாட்டேன். நாளைச் சாயந்திரம் நம் தெருமுனைக் கோயிலடியில் ஊர்க்கூட்டம் போட்டுத் தெருவையே வைத்து விசாரிக்கப் போவதாகச் சொல்கிறீர்கள். தாராளமாகச் செய்யுங்கள், எல்லோரும் வரட்டும். ஆனால் என் வீட்டிலேயே வைத்துக்கொள்வது நல்லது, தலைவரே. நாளைச் சாயந்திரம் கோயிலடியில் கரண்ட் இருக்காது.