ஜிகினா வைத்த மாலை

"செத்த நாய்க்குப் போய் யாராவது ஜிகினா வச்ச மாலை வாங்குவாங்களா?"

தாம்பரத்திலிருந்து குன்றத்தூர் போகும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் ஒரு தம்பதி. மடியில் இருந்த ரோஜா மாலையிலிருந்து ஜிகினாவைப் பிய்த்துக்கொண்டே மனைவி கேட்டாள்.

"கடையில எல்லா மாலையும் அப்படித்தான் இருந்துச்சு. நான் என்ன பண்றது?"

"மக்காத எதுவும் குழிக்குள்ள போகக்கூடாதுன்னு எத்தனை வாட்டி சொன்னேன்? அதுக்குத்தானே பாலியஸ்டர் போர்வையை எடுத்துட்டு உங்க காட்டன் வேட்டியில சுத்தினேன்?"

"அது நல்ல வேட்டிடீ."

"அபார்ட்மெண்ட்ல ஒரு பிடி மண்ணு கிடையாது. எங்கண்ணன் அவரோட மனையில இடம் குடுத்து, டாமியை ஆட்டோவுல முன்னாடியே எடுத்துட்டுப் போயிட்டாரு. உங்களுக்கு ஒரு மாலை ஒழுங்கா வாங்கத் தெரியல."

"சரி, விடு. குழி மேல என்ன வைக்கப்போறே?"

"செம்பருத்தி."

"நல்லா இருக்கு! பால்கனியில நீ வச்ச ஒரு செடியையாவது அது விட்டுச்சா? எல்லாத் தொட்டியையும் தோண்டிப் போட்ட நாய்க்குச் செம்பருத்தியாம்!"

ஜிகினா பிய்த்துக்கொண்டிருந்த விரல்கள் நின்றன.

"தோண்டட்டும்," என்றாள், அதே எரிச்சலோடு. "வந்து தோண்டட்டும். நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."